ஆக்சிடைசர் பர்னரில் எரிபொருள் மிச்சம் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயின்ட் ஷாப், கிராவியர் பிரிண்டிங், கோட்டிங் லைன், மருந்து மூலப்பொருள் ஆலை என்று சால்வென்ட் (கரைப்பான்) ஆவியாகும் இடங்களில் எல்லாம் அந்த ஆவியை எரித்து வெளியே விடும் ஆக்சிடைசர் ஒன்று பின்பக்கம் நின்றுகொண்டிருக்கும். கேஸ் பில் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது. பில் வந்ததும் ஆபரேட்டர், மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், முதலாளி என்று ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஒப்பிட வசதியாக எல்லாக் கணக்கிலும் ஒரே அளவு: மணிக்கு 10,000 நார்மல் கன மீட்டர் (0 டிகிரி, சாதாரண காற்றழுத்தக் கணக்கில்) காற்று, 40 டிகிரி செல்சியஸில் உள்ளே வருகிறது, ஆவி எரியும் அறையான சாம்பர் 820 டிகிரி.

"சால்வென்டே எரியற சாமான்தானே, அப்புறம் எதுக்குத் தனியா கேஸ்?"

எரியும்தான். ஆனால் டக்டில் வரும் அளவில் அது தானாகப் பற்றாது. காற்றில் டொலுவீன் ஏறத்தாழ 1.1 சதவீதமாவது இருந்தால்தான் தீ பரவும். இந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் எல்லோரும் எல்இஎல் என்கிறார்கள். வெடிவிபத்தைத் தவிர்ப்பதற்காக ஓவனையும் டிரையரையும் பொதுவாக இதில் கால் பங்குக்குள்தான் ஓட்டுகிறோம். பல ஆலைகளில் எல்இஎல்லில் 5 சதவீதம் (சுருக்கமாக, 5 சதவீத எல்இஎல்) வந்தாலே அதிகம். அதாவது வருவதில் பெரும்பங்கு வெறும் காற்று.

இவ்வளவு நீர்த்த ஆவி எரிய வேண்டுமானால் மொத்தக் காற்றையும் 760 முதல் 870 டிகிரி வரை ஏற்றி, அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை அந்தச் சூட்டில் நன்றாகக் கலக்கவிட வேண்டும். அப்போதுதான் சால்வென்ட் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறும். ஒரு டம்ளர் டீக்காக அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது போன்ற வேலை இது. நீங்கள் கட்டும் பில் காற்றைச் சூடாக்கியதற்கான பில். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது காற்றை. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

"சரி, தோராயமா எவ்வளவு கேஸ் பிடிக்கும்?"

10,000 கன மீட்டர் காற்றை 40-லிருந்து 820-க்கு ஏற்ற மணிக்குச் சுமார் 11 கிகாஜூல் வெப்பம் வேண்டும், அதாவது 3 மெகாவாட். எல்பிஜியில் அது கிட்டத்தட்ட 237 கிலோ. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டராகப் பார்த்தால் மணிக்குப் பன்னிரண்டரை சிலிண்டர். வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காத பழைய ஆஃப்டர்பர்னர்களின் நிலைமை இதுதான்.

வெளியேறும் சூட்டில் 65 சதவீதத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் 83 கிலோ போதும். 95 சதவீதம் கொடுத்தால் 12 கிலோ. இந்த 12 காகிதக் கணக்கு. ஷெல் வழியாகப் போகும் சூடு, பர்னருக்கு ஊதும் காற்று எல்லாம் சேர்ந்து நடைமுறையில் இதைவிடக் கூடத்தான் வரும். சால்வென்டின் சொந்த வெப்பத்தை இங்கே சேர்க்கவில்லை. அதற்குத் தனிக் கேள்வி வருகிறது.

"ரெக்குப்பரேட்டிவ், ரீஜெனரேட்டிவ் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ரெக்குப்பரேட்டிவில் இரும்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். குழாய்க்கு உள்ளே ஒரு காற்று, வெளியே ஒரு காற்று. 50 முதல் 70 சதவீத வெப்பம் திரும்பக் கிடைக்கும். ரீஜெனரேட்டிவில், அதாவது ஆர்டிஓவில், செராமிக் நிரப்பிய இரண்டு அல்லது மூன்று படுக்கைகள் (பெட்) இருக்கும். சூடான காற்று ஒரு பெட்டைச் சூடாக்கிவிட்டு வெளியேறும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் வால்வு மாறும். உள்ளே வரும் காற்று அதே பெட்டின் வழியாகப் போய், அங்கே சேர்ந்திருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும். 95 சதவீதம் இப்படித்தான் சாத்தியமாகிறது.

யோசனை புதிதல்ல. ஃப்ரீட்ரிக் சீமன்ஸ் 1856-லேயே உலைகளுக்கு இதைக் காப்புரிமை செய்தார். மறு வருடமே கவுப்பர் இதை இரும்பு உருக்கும் உலைக்கான காற்றைச் சூடாக்கப் பயன்படுத்தினார்.

"சால்வென்ட் போதுமான அளவு வந்தா பர்னரே வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம். ஒவ்வொரு 1 சதவீத எல்இஎல்லும் எரியும்போது காற்றின் சூட்டைச் சுமார் 14 டிகிரி ஏற்றும். 95 சதவீத ஆர்டிஓவில் பர்னர் ஈடுகட்ட வேண்டிய இடைவெளி 780-இல் 5 சதவீதம், அதாவது 39 டிகிரிதான். ஆக, 3 சதவீத எல்இஎல் வந்தாலே இயந்திரம் தன் சூட்டில் தானே நிற்கும். டொலுவீன் என்றால் கன மீட்டருக்கு ஒன்றரை கிராம், எத்தில் அசிடேட் என்றால் இரண்டரை கிராம் அளவு. ஷெல் இழப்புக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

65 சதவீத ரெக்குப்பரேட்டிவில் இதே இடைவெளி 273 டிகிரி. அதற்கு 19, 20 சதவீத எல்இஎல் வேண்டும். அவ்வளவு அடர்த்தியாக வரும் லைன்களும் இருக்கின்றன. அங்கே ஆர்டிஓ போட்டால் சூடு மிஞ்சிப்போய்த் தலைவலிதான். 95 என்ற எண்ணைப் பார்த்த உடனே அதுதான் உயர்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம்.

"95 சதவீதம்னு வாங்கினோம். இப்பவும் 95 இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?"

வெப்பநிலை அளக்கும் மூன்று தெர்மோகப்பிள் போதும். சாம்பரிலிருந்து அவுட்லெட்டைக் கழியுங்கள். அதை, சாம்பரிலிருந்து இன்லெட்டைக் கழித்து வருவதால் வகுங்கள். சாம்பர் 820, இன்லெட் 40, அவுட்லெட் 79 என்றால் 741-ஐ 780-ஆல் வகுத்து 95. அவுட்லெட் சூடு ஒவ்வொரு வால்வு மாற்றத்துக்கும் ஏறி இறங்கும். ஆகவே பல சுழற்சிகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

லைன் ஓடும்போது அளந்தால் கணக்கு தப்பும். சால்வென்டின் சூடும் அவுட்லெட்டில் சேர்ந்து வரும், செராமிக் கெட்டுப்போனது போலத் தெரியும். வெறும் காற்றில் ஓட்டி அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். இன்லெட், அவுட்லெட் வித்தியாசம் 39-லிருந்து 60-க்குப் போயிருந்தால் கேஸும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும்.

"காத்தைக் குறைன்னு சொல்றீங்க. எங்கே போய்க் குறைக்கறது?"

ஆக்சிடைசர் பக்கம் நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது. உற்பத்தி லைனுக்குப் போக வேண்டும். எட்டுக் கலர் கிராவியர் பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஜாப் ஐந்து கலர். மீதி மூன்று ஸ்டேஷனில் அச்சு சிலிண்டர் இல்லை, இங்க் இல்லை. ஆனால் அந்த மூன்று டிரையரின் எக்ஸாஸ்ட் டேம்பரும் (காற்றுப் பாதையை மூடித் திறக்கும் தகடு) முழுக்கத் திறந்து கிடக்கும். சுத்தமான அறைக் காற்றை இழுத்து, டக்ட் வழியாக அனுப்பி, 820 டிகிரிக்குச் சூடாக்கி, வானத்துக்கு விடுகிறோம். அருகில் போய்ப் பார்த்தால் டேம்பர் கைப்பிடியைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். கட்டியது யார், எப்போது என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஓடாத ஸ்டேஷனின் டேம்பர் தானாக மூடும்படி பிரஸ்ஸோடு இணைப்பதற்கு ஆகும் செலவு கேஸ் பில்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்து ஓவன் வாய். ஒரு பாலித்தீன் துண்டைக் கிழித்து ஓவன் நுழைவாயில் ஓரத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் லேசாகச் சாய்ந்தால் சரி. படபடவென்று உள்ளே இழுத்துப் பறந்தால் தேவைக்கு மேல் உறிஞ்சுகிறீர்கள். வாயைச் சிறிதாக்கலாம், ஓவனுக்குள்ளேயே காற்றைச் சுழலவிட்டு எக்ஸாஸ்ட்டைக் குறைக்கலாம். 5 சதவீத எல்இஎல்லில் ஓடும் டிரையரை 15-க்குக் கொண்டுவந்தால் காற்று மூன்றில் ஒரு பங்காகும். சால்வென்ட் அளவு மாறாது, அடர்த்தி மட்டும் மூன்று மடங்கு. எரிபொருளை விடுங்கள், ஆக்சிடைசரே சின்னதாக வாங்கியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டேம்பரைக் கையால் மூடிப் பார்த்து இதைச் செய்யக் கூடாது. ஓவன் தயாரிப்பாளரின் காற்றோட்டக் கணக்கு வேண்டும். தொடர்ந்து அளக்கும் எல்இஎல் மீட்டர் வேண்டும். அளவு மீறினால் டேம்பரை முழுக்கத் திறந்து லைனை நிறுத்தும் இன்டர்லாக் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் 25 சதவீதத்துக்கு வெகு கீழேயே இருங்கள்.

"ஃபேனுக்கு விஎஃப்டி போட்டா கேஸ் குறையுமா?"

விஎஃப்டி என்பது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அது கரன்ட்டை மிச்சம் பிடிக்கும். காற்றளவு 80 சதவீதமானால் ஃபேனின் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும். கேஸ் குறைய வேண்டுமானால் மேலே சொன்ன டேம்பர் வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். டக்ட் அழுத்தத்தைப் பார்த்து விஎஃப்டி ஓடும்படி அமைத்திருந்தால், டேம்பர் மூட மூட ஃபேன் தானாக இறங்கும். ஒரே வேகத்தில் செட் செய்து வைத்த விஎஃப்டியால் புண்ணியமில்லை.

"செட்பாயின்ட்டை 850-லேர்ந்து 780-க்கு இறக்கிட்டா போதாதா?"

ஏறத்தாழ 8, 9 சதவீதம் மிச்சமாகும். ஆர்டிஓ, ரெக்குப்பரேட்டிவ் இரண்டுக்கும் விகிதம் ஒன்றுதான். ஆனால் 12 கிலோவில் 9 சதவீதம் ஒரு கிலோ, 83 கிலோவில் 7 கிலோ. உங்களிடம் எது இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இதற்கு மெனக்கெடலாமா என்று சொல்ல முடியும்.

சூட்டை இறக்கும்போது முதலில் தலைகாட்டுவது கார்பன் மோனாக்சைடு. சால்வென்ட் உடைந்திருக்கும், முழுதாக எரிந்திருக்காது. 10, 15 டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சிம்னியில் கார்பன் மோனாக்சைடையும் மொத்த ஹைட்ரோகார்பனையும் அளந்து பாருங்கள். பொல்யூஷன் போர்டு கன்சென்டில் (ஆலையை இயக்கத் தரும் அனுமதி ஆணை) குறைந்தபட்ச வெப்பநிலை எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகவே முடியாது, அந்த ஆணையை முதலில் எடுத்துப் படியுங்கள்.

"சிம்னி டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சு. டெம்பரேச்சரை 900-க்கு ஏத்தினோம், அப்படியும் சரியாகலை. கேஸ்தான் தின்னுது."

ஆர்டிஓ என்றால் முதலில் வால்வைச் சந்தேகப்படுங்கள். வால்வு முழுதாக உட்காரவில்லை என்றால், உள்ளே வரும் அழுக்குக் காற்றில் ஒரு பங்கு சாம்பர் பக்கமே போகாமல் நேராகச் சிம்னிக்குப் போய்விடும். 2 சதவீதம் இப்படி நழுவினால், சாம்பரில் எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் மொத்தத்தில் 98-ஐத் தாண்ட முடியாது. 900 வைத்தாலும் 1,000 வைத்தாலும் அதே கதை.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நழுவும் காற்று குளிர்ந்தது என்பதால் அவுட்லெட் சூடு குறைந்து, முன்பு சொன்ன 95 சதவீதக் கணக்கில் இயந்திரம் பிரமாதமாக இருப்பது போலத் தெரியும். வாங்கிய நாளைவிட எண் நன்றாக இருந்தால் சந்தோஷப்படாமல் வால்வைத் திறந்து பாருங்கள். சீல் தேய்ந்திருக்கும், ஆக்சுவேட்டருக்குக் காற்றழுத்தம் போதாமல் இருக்கும், அல்லது வால்வு உட்காரும் இடத்தில் தார் மாதிரி படிந்திருக்கும். சரிசெய்துவிட்டு வெப்பநிலையைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"பர்னர் லோ ஃபயர்லதான் நிக்குது. அப்பவும் கேஸ் ஏன் போகுது?"

பர்னருக்கு ஊதும் காற்றைப் பாருங்கள். அது செராமிக் வழியாக வருவதில்லை. வெளியிலிருந்து குளிராக நேரே சாம்பருக்குள் வருகிறது. கேஸைக் குறைத்தும் பர்னர் புளோயர் மணிக்கு 500 கன மீட்டர் ஊதிக்கொண்டே இருந்தால், அந்தக் காற்றைச் சூடாக்குவதற்காக மட்டும் நம் 12 கிலோவில் பாதிக்கு மேல் கூடிவிடும். கேஸும் காற்றும் சேர்ந்து இறங்குகிற பர்னராக இருக்க வேண்டும். பழைய பர்னர் என்றால் கேஸ், காற்று வால்வுகளை இணைக்கும் லிங்கேஜ் இறுகி நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. சாம்பர் 760-ஐத் தாண்டி நிலைத்த பிறகு பர்னரையும் அதன் புளோயரையும் அணைத்துவிட்டு, தேவையான கேஸை இன்லெட் டக்டிலேயே கொஞ்சமாகக் கலந்துவிடுவது. அது செராமிக்கைக் கடக்கும்போது சால்வென்ட் மாதிரியே தீ நாக்கு இல்லாமல் எரியும். கூடுதல் காற்று இல்லை, நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. நீங்களே வெல்டிங் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது. கேஸ் ட்ரெயின், அடைப்பு வால்வுகள், வெப்பநிலை இன்டர்லாக் எல்லாம் தயாரிப்பாளர் வழியாகத்தான் வர வேண்டும்.

"நைட் ஷிஃப்ட் இல்லை. ராத்திரி அணைச்சிடலாமா?"

அணைக்கலாம், ஆனால் காற்றை ஊதிக் குளிரவைக்காதீர்கள். சால்வென்ட் முழுதாக வெளியேறியதும் பர்னரை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, இன்லெட்டையும் அவுட்லெட்டையும் இறுக மூடிவிட்டால் செராமிக் தன் சூட்டைக் காலைவரை பெருமளவு வைத்திருக்கும். இன்சுலேஷனும் டேம்பரும் நன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். காலையில் பர்னரைப் பற்றவைக்கும் முன், உள்ளே தங்கிய வாயுவைக் காற்று ஊதி வெளியேற்றும் வழக்கமான பர்ஜ் கட்டாயம். அதில் கொஞ்சம் சூடு போகும், போகட்டும்.

வாரக் கடைசியில் முழுதாக அணைக்கலாம். மதிய உணவு இடைவேளைக்கெல்லாம் அணைக்க வேண்டாம். அந்த நேரத்தில் காற்றைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கினால் போதும்.

"தண்ணி பேஸ் இங்க்குக்கு மாறினோம். கேஸ் செலவு கூடிடுச்சு. எப்படி?"

நான்காவது கேள்வியின் மறுபக்கம்தான் இது. முன்பு சால்வென்ட் தன் சூட்டாலேயே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது 3 சதவீத எல்இஎல் வந்த இடத்தில் அரை சதவீதம் வருகிறது. குறையும் வெப்பத்தைப் பர்னர் கொடுக்கிறது. கூடவே டிரையரின் நீராவி வேறு.

சூழலுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறீர்கள், வேலை பாதியில் நிற்கிறது. புதிய இங்க்கின் சால்வென்ட் அளவோடு பொல்யூஷன் போர்டிடம் போய், அந்த ஸ்டேஷன்களை ஆக்சிடைசரிலிருந்து பிரிக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி வரும்வரை, ஆக்சிடைசரைத் தவிர்த்துக் காற்றை நேரே வெளியே விடும் பைபாஸ் டேம்பரைத் தொடக் கூடாது. ராத்திரியில் யாரும் பார்க்காத நேரத்தில் திறந்துவிடும் யோசனையையும் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது சிக்கனம் இல்லை, குற்றம்.

"பெயின்ட் பூத்ல காத்து லட்சக்கணக்குல வருது, சால்வென்ட் கொஞ்சம்தான். இதுக்கு என்ன வழி?"

ஆள் நின்று ஸ்ப்ரே செய்யும் பூத்தில் காற்றை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அங்கே ஜியோலைட் சக்கரம் போடுவார்கள். மெதுவாகச் சுழலும் அந்தச் சக்கரம் சால்வென்டைப் பிடித்துக்கொண்டு காற்றை வெளியே விடும். ஒரு சிறு பகுதியில் மட்டும் 180, 200 டிகிரிக் காற்றை ஊதிப் பிடித்ததைக் கழற்றி எடுப்பார்கள். பத்தில் ஒரு பங்கு காற்றும் பத்து மடங்கு அடர்த்தியும் ஆக்சிடைசருக்குப் போகும். காற்று சூடாகவோ ஈரமாகவோ வந்தால் சக்கரம் சரியாகப் பிடிக்காது. பெயின்ட் தூசி வந்தால் அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் ஃபில்டரில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

"கேட்டலிஸ்ட் போட்டா 350 டிகிரி போதுமே. அதுதானே சிக்கனம்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40-லிருந்து 350 வரை 310 டிகிரி. 65 சதவீத ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்தால் பர்னர் ஈடுகட்ட வேண்டியது 108 டிகிரி. ஆர்டிஓவில் இது 39. ஆக, சூடு குறைவு என்பதாலேயே எரிபொருளும் குறைவு ஆகிவிடாது. சின்ன அளவுக் காற்று, அடிக்கடி நிறுத்தி ஓட்டும் லைன், இடமில்லாத மாடி, இப்படிப்பட்ட இடங்களில் கேட்டலிஸ்ட் நல்லது.

சிலிகான், பாஸ்பரஸ், ஈயம் மூன்றும் கேட்டலிஸ்ட்டுக்கு விஷம். உங்கள் கோட்டிங்கில் சிலிகான் ரிலீஸ் ஏஜென்ட் இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அதே சிலிகான் ஆர்டிஓவையும் சும்மா விடாது. எரிந்ததும் வெள்ளை மாவு மாதிரி சிலிகாவாகி செராமிக் துளைகளை அடைக்கும். அழுத்த வித்தியாசம் ஏறும். நம் 10,000 கன மீட்டரில் நீரளவு 100 மில்லிமீட்டர் கூடினாலே ஃபேன் மணிக்குச் சுமார் 5 யூனிட் அதிகம் இழுக்கும்.

"கழிவு தின்னரையே பர்னர்ல விட்டு எரிச்சா கேஸ் மிச்சம்தானே?"

கழிவு தின்னர், இந்தியாவின் 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதை எரிபொருளாகப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும், பர்னரும் அதற்கென்று அமைந்ததாக இருக்க வேண்டும். அதில் குளோரின் உள்ள சால்வென்ட் கலந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி டக்ட்டை அரித்துவிடும். வேண்டாம்.

"செராமிக் இன்னும் கொஞ்சம் போட்டு 95-ஐ 97 ஆக்கலாம்னு கொட்டேஷன் வந்திருக்கு. போடலாமா?"

2 சதவீதம் என்று அலட்சியமாகவும் நினைக்க வேண்டாம், உடனே கையெழுத்தும் போட வேண்டாம். ஈடுகட்ட வேண்டியது 39 டிகிரியிலிருந்து 23-க்கு இறங்கும். கேஸில் நாற்பது சதவீதம், நம் கணக்கில் மணிக்கு 5 கிலோ. அதற்கு எதிராகப் பெட்டின் உயரம் கூடுவதால் ஃபேன் கரன்ட் கூடும், மேலே சொன்ன 100 மில்லிமீட்டர் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் லைன் ஏற்கெனவே 4, 5 சதவீத எல்இஎல்லில் ஓடுகிறது என்றால் பர்னர் பெரும்பாலும் அணைந்துதான் இருக்கும். அங்கே 97 வந்தால் மிச்சம் பிடிக்க கேஸ் இல்லை, மிஞ்சும் சூடுதான் கூடும். சாம்பர் ஓவர்டெம்பரேச்சரில் டிரிப் ஆகாமல் இருக்க, மிஞ்சிய சூட்டைச் சாம்பரிலிருந்து நேரே வெளியே விடும் ஹாட் பைபாஸ் வால்வு போட வேண்டிவரும், அது இன்னொரு கொட்டேஷன். எல்இஎல் மீட்டரின் ஒரு வாரப் பதிவையும் அதே வாரத்தின் கேஸ் மீட்டர் ரீடிங்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். லைன் ஓடும் நேரத்தில் கேஸ் ஓடவில்லை, காலியாக நிற்கும் நேரத்தில்தான் ஓடுகிறது என்று தெரிந்தால், அந்தப் பணத்தை டேம்பர் ஆட்டோமேஷனில் போடுங்கள்.